சூப்பர்சார்ஜர் காருக்கு எந்த ஆக்ஸில் கியர்? '4.10' மோகமும் டயர் சொல்லும் கணக்கும்!

ரீல்ஸில் இந்தக் காட்சி அடிக்கடி கண்ணில் படும். அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊர். கார் பிரியர்களின் காலை நேரச் சந்திப்பு முடிந்து வண்டிகள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. ரோட்டோரம் செல்போனோடு ஒரு கூட்டம். ஒரு மஸ்டாங் வாசலைத் தாண்டியதும் டிரைவர் ஆக்ஸிலரேட்டரை ஒரே மிதி மிதிக்கிறார். பின் டயர்களில் புகை. வண்டியின் பின்பக்கம் வீசியடிக்கிறது. அடுத்த நொடி கார் நடுத்திட்டில் ஏறி நிற்கிறது. கமென்ட்டில் சிரிப்பு எமோஜிகள் குவிகின்றன.

சில வீடியோக்களில் கார் கூட்டத்துக்குள்ளேயே பாய்ந்துவிடும். அதைப் பார்த்துச் சிரிக்க முடியாது.

இன்ஜின் எத்தனை குதிரை சக்தி கொடுத்தாலும், அது ரோட்டைத் தொடுவது நான்கு உள்ளங்கை அகல ரப்பர் வழியாகத்தான். மஸ்டாங் போன்ற பின்சக்கர இழுவை கார்களில் அதிலும் பாதிதான். பின்னால் உள்ள இரண்டு டயர்கள் மட்டும். அந்த இரண்டு டயர்களுக்கு எவ்வளவு இழுவை போய்ச் சேரும் என்பதை முடிவு செய்யும் கடைசி இடம் பின் ஆக்ஸில். அங்கே இருக்கும் பல்சக்கர ஜோடியை மாற்றுவது அமெரிக்க கார் பிரியர்களுக்குப் பல வருடப் பழக்கம். '3.55 போதுமா, 3.73 போடலாமா, 4.10 போடலாமா?' என்ற விவாதம் அங்கே தோசைக்குச் சாம்பாரா சட்னியா என்ற அளவுக்கு சூடானது.

சூப்பர்சார்ஜர் பொருத்திய காரில் இந்தக் கேள்விக்கான பதில் கொஞ்சம் தலைகீழ். ஏன் என்று பார்ப்போம்.

அந்த எண் எதைச் சொல்கிறது?

லாரி பட்டறைப் பக்கம் போனவர்களுக்கு 'கிரவுன் பினியன்' என்ற சொல் தெரிந்திருக்கும். கியர்பாக்ஸிலிருந்து நீளமான ஷாஃப்ட் ஒன்று பின்னால் வரும். அதன் முனையில் இருக்கும் சிறிய பல்சக்கரம் பினியன். அது சுழற்றும் பெரிய பல்சக்கரம் கிரவுன் வீல். கிரவுன் வீலின் பற்களை பினியனின் பற்களால் வகுத்தால் கிடைப்பதுதான் ஆக்ஸில் ரேஷியோ. கிரவுனில் 41 பல், பினியனில் 10 பல் என்றால் 4.10. கிரவுனில் 41, பினியனில் 11 என்றால் 3.73. கிரவுனில் 39, பினியனில் 11 என்றால் 3.55.

4.10 என்றால், ஷாஃப்ட் 4.10 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். எண் பெரிதாக ஆக, சக்கரத்துக்குக் கிடைக்கும் இழுவை கூடும். அதே வேகத்துக்கு இன்ஜின் அதிகம் சுற்ற வேண்டும்.

கியர் சைக்கிள் ஓட்டியிருந்தால் இது சட்டென்று புரியும். பின்னால் பெரிய பல்சக்கரத்தில் செயின் இருந்தால் மேட்டில் சுலபமாக மிதிக்கலாம். சமதளத்துக்கு வந்ததும் கால் வேக வேகமாகச் சுற்றும், வண்டி மட்டும் மெதுவாகப் போகும். 4.10 அந்தப் பெரிய பல்சக்கரம் மாதிரி.

4.10 மோகம் எங்கிருந்து வந்தது?

இந்த மோகத்துக்கு நியாயமான ஒரு வரலாறு உண்டு. எரிபொருள் நெருக்கடிக்குப் பிறகு, 1975-ல் அமெரிக்கா மைலேஜ் சட்டம் கொண்டுவந்தது. கார் கம்பெனிகள் பெட்ரோலைச் சேமிக்க எளிய வழி ஒன்றைப் பிடித்தன. ஆக்ஸில் எண்ணைச் சிறிதாக்கினால், நெடுஞ்சாலையில் இன்ஜின் நிதானமாகச் சுற்றும்.

1987-ல் வந்த 5.0 லிட்டர் மஸ்டாங் இதற்கு நல்ல உதாரணம். 225 ஹெச்பி இன்ஜின். 5 ஸ்பீடு மேனுவல் காரில் கம்பெனி கொடுத்த ஆக்ஸில் 2.73, விரும்பினால் 3.08. மைலேஜுக்கு நல்லது, ஆனால் சிக்னலில் கிளம்பும்போது வண்டி சோம்பேறி. அதை வாங்கியவர்கள் 3.55, 3.73, 4.10 என்று மாற்றினார்கள். கார் உடனே துள்ளியது. 'மஸ்டாங் வாங்கினால் முதலில் கியரை மாத்து' என்ற அறிவுரை அப்படித்தான் பரவியது.

அந்த அறிவுரை அந்த காருக்குச் சரி. காற்றைத் தானே உறிஞ்சிக்கொள்ளும் சாதாரண இன்ஜின் அது. கீழ் ஆர்பிஎம்மில் இழுவை போதாது. அந்தக் குறையை கியர் ஈடுகட்டியது. பிறகு கார்கள் மாறின, இன்ஜின்கள் மாறின, அறிவுரை மட்டும் மாறாமல் நின்றுவிட்டது.

சூப்பர்சார்ஜர் வந்ததும் என்ன மாறியது?

சூப்பர்சார்ஜர் என்பது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பம்ப். டர்போ வெளியேறும் புகையால் சுழலும். சூப்பர்சார்ஜர் இன்ஜினின் கிராங்க் ஷாஃப்ட்டோடு பெல்ட்டால் இணைந்திருக்கும். அதனால் இன்ஜின் சுற்றத் தொடங்கியதுமே இதுவும் சுற்றும்.

இதில் ரூட்ஸ் வகை மிகப் பிரபலம். இரண்டு சுழலிகள் ஒன்றோடொன்று பின்னிச் சுற்றி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு குறிப்பிட்ட அளவு காற்றைத் தள்ளும். ஈட்டன் கம்பெனியின் எம்112 மாடல் ஒரு சுற்றுக்கு 112 கன அங்குலம், அதாவது சுமார் 1.8 லிட்டர் காற்றைத் தள்ளும். ஆர்பிஎம் குறைவாக இருக்கும்போதே அழுத்தம் வந்துவிடுவதால், இன்ஜின் 2,000 ஆர்பிஎம்மிலேயே பெரிய இன்ஜின் மாதிரி இழுக்கும்.

பழைய 5.0 மஸ்டாங்கில் கியரைக் கொண்டு ஈடுகட்டிய அதே குறையை, இங்கே சூப்பர்சார்ஜரே தீர்த்துவிட்டது. அதன்மேல் 4.10 போடுவது, ஏற்கெனவே உப்பு போட்ட குழம்பில் மறுபடி உப்பு அள்ளிப் போடுவதுதான்.

பேப்பரில் ஒரு கணக்கு

உண்மையான கார் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 2003, 2004-ல் ஃபோர்டின் எஸ்விடி பிரிவு கொண்டுவந்த மஸ்டாங் கோப்ரா. உருவாக்கும்போது எஸ்விடி குழு வைத்த குறியீட்டுப் பெயர் 'டெர்மினேட்டர்'. 4.6 லிட்டர் வி8 இன்ஜின், மேலே ஈட்டன் எம்112 சூப்பர்சார்ஜர். 390 ஹெச்பி சக்தி, சுமார் 529 நியூட்டன் மீட்டர் டார்க். 6 ஸ்பீடு மேனுவல் கியர்பாக்ஸ். கம்பெனி கொடுத்த ஆக்ஸில் 3.55. இன்றும் பழைய கார் சந்தையில் தேடி வாங்கப்படும் வண்டி.

ஒருவர் இந்த காரைப் பழையதாக வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். நண்பர்கள் அவரிடம், '3.55 எதுக்கு? 4.10 போடு' என்கிறார்கள். போடலாமா?

முதல் கியர் 2.66. ஆக்ஸில் 3.55. இரண்டையும் பெருக்கினால் 9.4. இன்ஜின் தரும் டார்க் 9.4 மடங்காகி சக்கரத்துக்குப் போகிறது. வழியில் வீணாவது 15 சதவிகிதம் என்று கழித்து, டயரின் ஆரத்தால் வகுத்தால், பின் டயர்கள் ரோட்டைத் தள்ளும் விசை கிட்டத்தட்ட 1,300 கிலோ எடைக்குச் சமம். 4.10 போட்டால் சுமார் 1,500 கிலோ.

இனி டயர் பக்கம் வருவோம். காரின் எடை சுமார் 1,660 கிலோ. இன்ஜின் முன்னால் இருப்பதால் பின் டயர்கள் மேல் பாதிக்கும் குறைவான எடைதான். வேகமாகக் கிளம்பும்போது எடை பின்னால் சாயும்; அதையும் சேர்த்தால் சுமார் 900 கிலோ. நல்ல ரோட்டில், நல்ல தெரு டயர் ஏறக்குறைய தன்மேல் இருக்கும் எடை அளவுக்குத்தான் பிடித்து நிற்கும். ஆக, டயரின் எல்லை சுமார் 900 கிலோ.

இப்போது கியர் வாரியாகப் பாருங்கள்.

முதல் கியர்: 3.55-ல் 1,300 கிலோ, 4.10-ல் 1,500 கிலோ. டயர் தாங்குவது 900. இரண்டிலுமே முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் சக்கரம் வழுக்கும். 4.10 கூடுதலாகத் தருவது புகை மட்டும்.

இரண்டாவது கியர்: 3.55-ல் சுமார் 890 கிலோ. டயரின் எல்லைக்கு மிக அருகில், ஆனால் உள்ளே. 4.10-ல் சுமார் 1,020 கிலோ. எல்லை தாண்டிவிட்டது.

மூன்றாவது கியர்: 3.55-ல் சுமார் 650, 4.10-ல் சுமார் 750. இரண்டையும் டயர் தாங்கும்.

இது தோராயக் கணக்கு. டயர், ரோடு, வெயில் என்று எல்லாம் சேர்ந்து எண்ணைக் கொஞ்சம் மாற்றும். ஆனாலும் கணக்கு காட்டும் திசை தெளிவு. 3.55-ல் இரண்டாவது கியரில் முழு சக்தியையும் ரோட்டில் இறக்க முடிகிறது. 4.10-ல் அதற்கு மூன்றாவது கியர் வரை காத்திருக்க வேண்டும்.

'ஆனா 4.10 போட்டதும் வண்டி வேகமாப் போற மாதிரி இருக்கே?' என்று கேட்பவர்கள் பொய் சொல்லவில்லை. இன்ஜின் சீக்கிரம் உறுமுகிறது, ஆர்பிஎம் முள் சட்டென்று ஏறுகிறது, கியரை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறது. 6,500 ஆர்பிஎம் வரை போனால், 3.55-ல் முதல் கியரிலேயே மணிக்கு சுமார் 85 கி.மீ வரை இழுக்கலாம். 3.73-ல் 80. 4.10-ல் 73 தான். காதுக்கும் முதுகுக்கும் இதெல்லாம் வேகமாகத் தெரியும். ஸ்டாப்வாட்ச் அப்படிச் சொல்லாது.

மழை பெய்தால்?

இந்த விஷயம் வெறும் ஆசையிலிருந்து பாதுகாப்புக்கு மாறும் இடம் இது.

ஈர ரோட்டில் டயரின் பிடிப்பு வெகுவாகக் குறையும். அதே காரில், ஈரத்தில் பின் டயர்களின் எல்லை சுமார் 500 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். நான்காவது கியரில், முழு ஆக்ஸிலரேட்டரில், 3.55 கொடுப்பது சுமார் 500 கிலோ. விளிம்பில் நிற்கிறது. 4.10 கொடுப்பது சுமார் 580 கிலோ. விளிம்பைத் தாண்டிவிட்டது.

நான்காவது கியரில், 4.10 ஆக்ஸிலோடு, 3,500 ஆர்பிஎம் என்றால் காரின் வேகம் மணிக்கு சுமார் 105 கி.மீ. மழையில் ஒரு லாரியை முந்துவதற்காக அவசரத்தில் முழுதாக மிதித்தால், அந்த வேகத்தில் பின் சக்கரம் வழுக்க இடம் இருக்கிறது. வாசலில் வழுக்கினால் ரீல்ஸ். 105 கி.மீ வேகத்தில் வழுக்கினால் ஆம்புலன்ஸ்.

பக்கத்து சீட்டில் மனைவி, பின்னால் குழந்தை என்று வார நாளிலும் ஓட்டும் காராக இருந்தால், இந்த ஒரு பத்தியே முடிவை எடுத்துவிடும்.

கம்பெனி இன்ஜினீயர்கள் என்ன செய்தார்கள்?

ஃபோர்டின் சொந்த வரலாறே சுவாரஸ்யமான சாட்சி.

2001 கோப்ராவில் சூப்பர்சார்ஜர் கிடையாது. 320 ஹெச்பி, ஆக்ஸில் 3.27. 2003-ல் சூப்பர்சார்ஜர் வந்தபோது ஆக்ஸில் 3.55 ஆனது. 'பார்த்தீங்களா, சக்தி கூடினப்போ எண்ணையும் கூட்டினாங்களே!' என்று தோன்றும். ஆனால் கியர்பாக்ஸும் மாறியிருந்தது. 2001-ல் 5 ஸ்பீடு. அதன் முதல் கியர் 3.38. ஆக்ஸிலோடு பெருக்கினால் 11. 2003-ல் 6 ஸ்பீடு. முதல் கியர் 2.66. பெருக்கினால் 9.4. ஆக்ஸில் எண் ஏறியது, மொத்தப் பெருக்கம் இறங்கியது. சூப்பர்சார்ஜர் கொடுத்த இழுவைக்கு ஏற்ப, முதல் கியரை இன்ஜினீயர்கள் தணித்துவிட்டார்கள்.

அடுத்து ஷெல்பி ஜிடி500. இதுவும் சூப்பர்சார்ஜர் மஸ்டாங்தான். 2012-ல் 550 ஹெச்பி; ஆக்ஸில் 3.55, கூடுதல் பேக்கேஜில் 3.73. 2013-ல் இன்ஜின் 5.8 லிட்டராகி 662 ஹெச்பிக்கு எகிறியது. ஆக்ஸில்? 3.31. நூறு குதிரைக்கு மேல் கூடியபோது எண்ணைக் குறைத்தார்கள். மணிக்கு 320 கி.மீ தாண்ட வேண்டும் என்ற இலக்கும் அதற்கு ஒரு காரணம். அத்தனை டார்க் இருக்கும்போது பெரிய எண் தேவைப்படவில்லை என்பதும் அதில் அடக்கம்.

டாட்ஜ் சேலஞ்சர் ஹெல்கேட் இன்னொரு பாடம். 2015-ல் வந்த சூப்பர்சார்ஜர் கார், 707 ஹெச்பி. மேனுவல் கியர்பாக்ஸ் வாங்கினால் ஆக்ஸில் 3.70. 8 ஸ்பீடு ஆட்டோமேட்டிக் வாங்கினால் 2.62. ஒரே கார், ஒரே இன்ஜின், இரண்டு எண். ஆட்டோமேட்டிக்கின் முதல் கியரே 4.71 என்பதால் ஆக்ஸிலுக்கு வேலை குறைவு. பக்கத்து வீட்டு கார் என்ன எண் போட்டிருக்கிறது என்று பார்த்து வாங்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

அதே டாட்ஜ், 2018-ல் டீமன் என்ற காரைக் கொண்டுவந்தது. 100 ஆக்டேன் பெட்ரோல் ஊற்றினால் 840 ஹெச்பி. அதில் ஆக்ஸில் எண்ணை 3.09-க்கு ஏற்றினார்கள். ஏனென்றால் அந்த காருக்கு டிராக் ரேஸுக்கான, பிசின் மாதிரி ஒட்டும் 315 மில்லிமீட்டர் அகல டயர்களை கம்பெனியே கொடுத்தது. டயரின் பிடிப்பு கூடியது, அதற்கேற்ப கியரும் கூடியது.

அப்படியானால் 4.10 யாருக்கு?

4.10-ஐ ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது. அதற்கும் இடம் உண்டு. அந்த இடம் டிராக் ஸ்ட்ரிப்.

கால் மைல், அதாவது 402 மீட்டர் நேர்கோட்டு ரேஸில், கோட்டைத் தாண்டும்போது இன்ஜின் தன் உச்ச சக்தி ஆர்பிஎம்மை ஒட்டி இருக்க வேண்டும். கோப்ராவின் உச்சம் 6,000 ஆர்பிஎம். கோட்டைத் தாண்டும் வேகம் மணிக்கு சுமார் 177 கி.மீ என்று வைத்தால், நான்காவது கியரில் 3.55 ஆக்ஸிலுக்கு 5,100 ஆர்பிஎம், 4.10-க்கு 5,900. கச்சிதம்! ஒட்டும் டயர் போட்டு, ரேஸுக்கென்றே கார் வைத்திருப்பவர் 4.10 கேட்டால் அதில் அர்த்தம் இருக்கிறது.

இதிலும் ஒரு நுணுக்கம். ரேஸ் டயர்கள் பெரும்பாலும் உயரமானவை. கோப்ராவின் சாதாரண பின் டயர் சுமார் 65 செ.மீ உயரம். 71 செ.மீ உயர ரேஸ் டயர் போட்டால், 4.10 நடைமுறையில் 3.76 மாதிரித்தான் வேலை செய்யும். டயரும் ஒரு கியர்தான். டயரை முடிவு செய்யாமல் ஆக்ஸிலை முடிவு செய்வது, பெண்ணுக்கு அளவெடுக்காமல் பிளவுஸ் தைப்பது போல.

சூப்பர்சார்ஜரின் வகையும் முக்கியம். சென்ட்ரிஃப்யூகல் வகை சூப்பர்சார்ஜர்கள் டர்போவைப் போன்ற விசிறியால் காற்றைத் தள்ளுபவை. கீழ் ஆர்பிஎம்மில் அழுத்தம் குறைவு. ஆர்பிஎம் ஏற ஏறத்தான் அழுத்தம் வேகமாகக் கூடும். இந்த வகை காரில் 3.73 போன்ற கொஞ்சம் பெரிய எண், இன்ஜினைச் சீக்கிரம் மேலே கொண்டுபோக உதவும். ரூட்ஸ், ட்வின் ஸ்க்ரூ வகைகளில் அந்தத் தேவை கிடையாது.

தினமும் ஓட்டுவதாக இருந்தால்...

கோப்ராவில் ஆறாவது கியரில் மணிக்கு 100 கி.மீ வேகத்தில் போகும்போது இன்ஜினின் சுற்று இப்படி இருக்கும்:

3.55 - சுமார் 1,820 ஆர்பிஎம்
3.73 - சுமார் 1,910 ஆர்பிஎம்
4.10 - சுமார் 2,100 ஆர்பிஎம்

6 ஸ்பீடு பெட்டி என்பதால் 4.10-லும் பெரிய கொடுமை இல்லை. ஓவர்டிரைவ் இல்லாத பழைய 4 ஸ்பீடு கார் என்றால் கதை வேறு. நேரடி 1.00 கியரில், இதே டயரோடு, 4.10 ஆக்ஸிலில் 100 கி.மீ வேகத்துக்கு 3,300 ஆர்பிஎம்மைத் தாண்டும். இரண்டு மணி நேரப் பயணத்தில் காது அடைத்துவிடும், பெட்ரோலும் கரையும்.

மாற்றும் வேலையில் என்ன சிக்கல்?

பல்சக்கர ஜோடியின் விலை சில நூறு டாலர்கள். பொருத்துவதற்கான கூலி அதற்குச் சமமாகவோ, கூடுதலாகவோ வரும். காரணம், இது ஸ்பேனர் பிடித்த எல்லோரும் செய்யும் வேலை கிடையாது.

கிரவுனும் பினியனும் சந்திக்கும் இடத்தில் விட வேண்டிய இடைவெளி மில்லிமீட்டரில் கால் பங்கு அளவுதான். அதை டயல் கேஜ் வைத்து அளப்பார்கள். பினியன் எவ்வளவு ஆழத்தில் உட்கார வேண்டும் என்பதை மெல்லிய தகடுகளை வைத்துச் சரிசெய்வார்கள். பற்களில் வண்ணப் பசை தடவி, சுற்றிப் பார்த்து, எந்த இடத்தில் தொடுகிறது என்று தடம் பார்ப்பார்கள். இதில் பிசகினால் வண்டி ஓடும்போது பின்னாலிருந்து 'உய்ய்ய்' என்று ஊளை கேட்கும். சில ஆயிரம் கிலோமீட்டரில் பற்கள் தேய்ந்து, மறுபடி முழுச் செலவு.

புதிய கியரைப் பழக்கவும் வேண்டும். ஆரம்பத்தில் 15, 20 நிமிடம் நிதானமாக ஓட்டி, முழுதாக ஆறவிட்டு, மறுபடி ஓட்ட வேண்டும். சுமார் 800 கி.மீ ஓடியதும் ஆயிலை மாற்றுவது பொதுவான பழக்கம். இதைச் செய்யாமல் முதல் நாளே டயரைப் புகைய விட்டால், பல்லின் மேற்பரப்பு வெந்துவிடும்.

பல கார்களில் வேகத்தை அளக்கும் சென்சார் கியர்பாக்ஸின் பின்பக்கம் இருக்கும். 3.55-ஐ எடுத்துவிட்டு 4.10 போட்டால், உண்மையில் 100 கி.மீ வேகத்தில் போகும்போது மீட்டர் 115 காட்டும். ஓடிய கிலோமீட்டர் கணக்கும் அதே அளவு ஏறும். கம்ப்யூட்டரில் புதிய எண்ணைப் பதிவு செய்ய மறக்கக் கூடாது.

கடைசியாக வலிமை. ஒரே அளவு கிரவுனில் எண் பெரிதாக வேண்டுமென்றால், பினியனின் பற்களைக் குறைக்க வேண்டும், பினியன் சிறிதாகும். சூப்பர்சார்ஜர் டார்க் முழுவதும் அந்தச் சிறிய பினியன் வழியாகத்தான் போக வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

நம் ஊரில் செய்யலாமா?

ஃபோர்டு மஸ்டாங் 2016-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. சூப்பர்சார்ஜர் இல்லாத 5.0 லிட்டர் வி8 மாடல். வீடியோ பார்த்து 'நாமும் சூப்பர்சார்ஜர் மாட்டலாமே' என்று ஆசைப்படுபவர்கள் ஒன்றை கவனிக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்திருக்கிறது. இன்ஷூரன்ஸ் சிக்கல் தனி. அமெரிக்காவில் இருக்கும் உறவினர்கள் இதையெல்லாம் செய்யலாம். அங்கேயும் மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் மாறும்.

முடிவெடுக்கும் முன் மூன்று கேள்விகள்

1. இப்போது இருக்கும் டயர், இரண்டாவது கியரில் முழு ஆக்ஸிலரேட்டரைத் தாங்குகிறதா? தாங்கவில்லை என்றால் கியருக்கு வைத்திருக்கும் பணத்தில் நல்ல டயர் வாங்குங்கள். வேகமும் கூடும், பிரேக்கும் நன்றாகப் பிடிக்கும், மழையிலும் கைகொடுக்கும். ஒரே செலவில் மூன்று பலன்.

2. முதல் கியரையும் ஆக்ஸிலையும் பெருக்கினால் எவ்வளவு? தெருவில் ஓட்டும் காருக்கு 10-ஐ ஒட்டி இருந்தால் போதும் என்பது பழைய மெக்கானிக்குகள் மத்தியில் புழங்கும் பொது விதி. கோப்ராவில் 3.55 என்றால் 9.4, 3.73 என்றால் 9.9, 4.10 என்றால் 10.9. கீழ் ஆர்பிஎம்மிலேயே இழுக்கும் ரூட்ஸ் சூப்பர்சார்ஜர் இருந்தால், 10-க்குக் கொஞ்சம் கீழே இருப்பதில் தவறே இல்லை.

3. வாரத்தில் எத்தனை நாள் நெடுஞ்சாலை, எத்தனை நாள் டிராக் ஸ்ட்ரிப்? நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். வருடத்தில் இரண்டு நாள் ரேஸுக்காக, மீதி 363 நாளும் காது வலிக்க ஓட்டுவது லாபமா?

தெருவில் ஓட்டும் அந்த 2003 கோப்ராவுக்கு இந்தக் கணக்குகள் தரும் பதில் எளிது. கம்பெனி போட்ட 3.55 அப்படியே இருக்கட்டும். கொஞ்சம் துடிப்பு வேண்டும் என்று மனது அடம்பிடித்தால், நல்ல டயர் போட்ட பிறகு 3.73 வரை போகலாம். 4.10-க்கான பணத்தில் டயர் வாங்கினால், நண்பர்கள் கொஞ்ச நாள் கிண்டல் செய்வார்கள்தான். அடுத்த மழையில் கார் நேராக வீடு வந்து சேரும்.